கிளிநொச்சி இரவல் புத்தகக் கடையும் ஸ்லாவியக் கதைத் தட்டும்

கிளிநொச்சியில் ஏ9 வீதியில் இருந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இந்த இரவல் புத்தகக் கடை இருக்கிறது. முன்பக்கம் முழுக்க வினாத்தாள் கட்டுகளும் கொப்பிகளும்தான். உள்ளே வலப்பக்க அலுமாரியின் இரண்டு தட்டுகளில் ரஷ்ய, சேர்பிய, செக் கதைகளும் வரலாறும் இருக்கின்றன. சில மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் பழைய தமிழ் நூல்கள், மிச்சம் ஆங்கிலம்.

கடைக்கார ஐயா வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவர். வீரக்கதை ஒன்றுக்குப் பக்கத்திலேயே அந்தக் காலத்து வரலாற்று நூலையும் வைத்திருக்கிறார். கதைப் புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலால் இரண்டு காலங்களைக் குறித்திருக்கிறார்: சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலம், அது எழுத்தில் ஏறிய காலம். கீவ் இளவரசன் ஒலெக், செத்துப்போன தன் குதிரையின் மண்டையோட்டில் இருந்து வந்த பாம்பு கடித்து இறந்த கதைக்கு 912 என்றும், அதன் கீழே 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் என்றும் இருந்தது. இடையில் இருநூறு வருடம்! அதைக் கண்ட பிறகு கதையை வேறு கண்ணோடுதான் வாசிக்க முடியும்.

என்னை உலுக்கியது கொசோவோப் பாட்டுகள். 1389இல் கொசோவோவில் நடந்த போரில் சேர்பிய இளவரசன் லாசரும் ஒட்டோமான் சுல்தான் முராத்தும் இறந்தார்கள். பாட்டிலோ, ஜெருசலேமில் இருந்து தேவமாதாவின் மடலோடு வல்லூறு ஒன்று வருகிறது. மண்ணரசா, விண்ணரசா என்று கேட்க, லாசர் விண்ணரசைத் தெரிவுசெய்கிறார். காட்டிக்கொடுத்த பழி சேர்பியப் பிரபு வூக் பிராங்கோவிச்சின் தலையில். அதற்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது. போருக்குப் பிறகும் சில வருடம் ஒட்டோமானுக்குப் பணியாமல் நின்ற ஆள் அவர்.

வன்னியில் இருந்து இதை வாசிக்கிறவருக்கு, வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் காக்கை வன்னியன் ஞாபகம் வராமல் இருக்குமா? கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொன்னது. ஊர்க் கதையில் அவர் தோற்றவர் இல்லை, காட்டிக்கொடுக்கப்பட்டவர். தோல்வியைத் தாங்க எல்லா ஊருக்கும் ஒரு துரோகி தேவைப்பட்டிருக்கிறான் போல.

செக் நூல் ஒன்றையும் கட்டாயம் எடுங்கள். 1817இல் வாத்ஸ்லாவ் ஹங்கா பழங்காலச் செக் பாடல்களின் ஏட்டைக் கண்டெடுத்ததாக அறிவித்தார். ஒரு தேசமே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 1886இல் டொமாஷ் மசாரிக் தன் சஞ்சிகையில் அதைப் போலி என்று நிறுவ இடம் கொடுத்தபோது, சொந்த ஆக்களே அவரைத் துரோகி என்று திட்டினார்கள். 1918இல் அவரே செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் ஜனாதிபதி. உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் இதை வாசித்தால் நல்லது.

குறை இல்லாமல் இல்லை. போலந்து பற்றி ஒரு புத்தகமும் கிடையாது. மாரியில் கீழ்த்தட்டுக்கு ஈரம் ஏறுகிறது. அந்த நூல்களை மேலே மாற்றத்தான் வேண்டும். முற்பணம் 500 ரூபா, தவணை இரண்டு கிழமை. ஞாயிறு பூட்டு. கொசோவோப் பாட்டுத் தொகுதி ஒரே ஒரு பிரதிதான், யாராவது கொண்டுபோயிருந்தால் ஐயாவிடம் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.