வேதியியலா, சுற்றுச்சூழல் அறிவியலா? ஒரு பாட்டில் குளத்துத் தண்ணீரோடு ஓர் அலசல்

குளத்துத் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. ஹங்கேரிய வேதியியலாளர் லயோஷ் விங்க்ளர் 1888-ல் வெளியிட்டது. மின்முனை வைத்த மீட்டர்கள் வந்து எத்தனையோ காலமாகியும் கல்லூரிகளில் இதை இன்னும் செய்ய வைக்கிறார்கள். இந்த இரண்டு பட்டங்களில் எதை எடுப்பது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தச் சோதனையைத்தான் விவரிப்பேன். ஏனென்றால் இதில் பாதி வேலை குளக்கரையில் நடக்கும், மீதிப் பாதி லேபில்.

கரையில் செய்வது இவ்வளவுதான். கண்ணாடி பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே மெல்லச் சாய்த்து நிரப்ப வேண்டும். ஒரு காற்றுக் குமிழி உள்ளே மாட்டிக்கொண்டாலும் கணக்கு கெட்டது. நிரம்பியதும் மாங்கனீசு சல்பேட் கொஞ்சம், காரம் கலந்த அயோடைடு கொஞ்சம் விட்டு மூடியை அழுத்தித் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் திரளும். இல்லையென்றால் அது வெள்ளையாகவே நிற்கும். கழிவு கலந்த ஓடையில் முதல் தடவை அந்த வெள்ளையைப் பார்க்கிறவருக்கு வயிற்றை என்னவோ செய்யும். எண் எதுவும் வரவில்லை, ஆனால் அங்கே மீன் இருக்காது என்று தெரிந்துவிடுகிறது.

அப்புறம் லேப். அமிலம் விட்டால் வண்டல் கரைந்து அயோடின் வெளிவரும். ப்யூரெட் என்ற அளவுகோடு போட்ட கண்ணாடிக் குழாயில், அயோடினோடு வினைபுரியும் தயோசல்ஃபேட்டை நிரப்பிச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கரைசல் வெளிர் மஞ்சளாகும்போது ஸ்டார்ச் சேர்த்தால் சட்டென்று கருநீலம். இன்னும் சில சொட்டு விட்டால் அந்த நீலம் காணாமல் போகும். அந்த இடத்தில் ப்யூரெட் காட்டும் அளவிலிருந்துதான் ஆக்சிஜனைக் கணக்கிட வேண்டும்.

“வெளியே சுற்றப் பிடித்தால் சுற்றுச்சூழல், வெள்ளைக் கோட்டு பிடித்தால் வேதியியல்” என்று பொதுவாகச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆளைத் தவறான வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைக்கும் பேச்சு அது. சுற்றுச்சூழல் படிக்கிறவர்களும் மூன்றாம் ஆண்டில் பாதி நேரம் கணினி முன்னால்தான் இருக்கிறார்கள். வித்தியாசம் இடத்தில் இல்லை, கேட்கிற கேள்வியில் இருக்கிறது.

அந்தக் குளத்துக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று விடை வருகிறது என்று வையுங்கள். வேதியியல் படித்தவர் முதலில் அந்த 2-ஐச் சந்தேகப்படுவார். தண்ணீரில் நைட்ரைட் இருந்தால் அதுவும் அயோடினை வெளிவிடுமே, அப்படியானால் உண்மை அளவு இன்னும் குறைவுதானே, அதைத் தடுக்க அசைடு சேர்த்தார்களா? தயோசல்ஃபேட்டின் செறிவை இன்றைக்குச் சரிபார்த்தார்களா? சுற்றுச்சூழல் படித்தவர் வேறு பக்கமிருந்து வருவார். எத்தனை மணிக்கு எடுத்த தண்ணீர்? பாசி நிறைந்த குளம் என்றால் பகலெல்லாம் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் ஏறும், இரவு முழுக்கச் சுவாசத்தில் இறங்கும். விடிவதற்குச் சற்று முன் 2 காட்டும் அதே குளம் பிற்பகலில் 12 காட்டலாம். 25 டிகிரி செல்சியஸில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீரில் சுமார் 8 மில்லிகிராம்தான் இருக்கும். எனவே அந்த 12-ம் நல்ல செய்தி அல்ல, பாசி மண்டிக் கிடக்கிறது என்பதன் அடையாளம். எங்கே எடுத்தது, மேலேயா அடியிலா, முந்தின நாள் மழையா என்று அவருடைய கேள்விகள் நீண்டுகொண்டே போகும்.

இரண்டு சந்தேகங்களில் எது உங்களுக்கு இயல்பாக வருகிறது என்று பார்ப்பது நல்லது.

இனி பாடத்திட்டம். வேதியியல் பட்டம் ஒரு ஏணி. கனிம, கரிம, இயற்பிய, பகுப்பாய்வு என்று நான்கு கால்கள், ஒவ்வொன்றிலும் முந்தைய படியில் கால் வைக்காமல் அடுத்ததில் ஏற முடியாது. பெரும்பாலானோர் திணறுவது இரண்டாம் ஆண்டில். கரிம வேதியியலில் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டே நோட்டுகள் தீரும். இயற்பிய வேதியியலில் வெப்ப இயக்கவியலும் குவாண்டமும் வந்து நிற்கும்போது, பள்ளியில் வகைக்கெழுவைச் சரியாகப் படிக்காமல் விட்டது அப்போதுதான் உறைக்கும். இதைத் தாண்டியவர்கள் கையில் ஒரு திறமை நிலைக்கிறது: தெரியாத ஒரு பொருளைக் கொடுத்தால், அதன் நிறமாலைகளை வைத்து அது என்னவென்று சொல்லிவிடுவார்கள்.

சுற்றுச்சூழல் அறிவியல் ஏணி அல்ல, பந்தல். சூழலியல், மண், நீரியல், வளிமண்டலம், புள்ளியியல், ஜிஐஎஸ் (இடத் தகவல்களைக் கணினியில் அடுக்கும்) வரைபடம், சட்டம், தாக்க மதிப்பீடு என்று பல கால்களில் நிற்கும். பரப்பு பெரியது, பல பேரோடு பேசக் கற்றுத்தரும். ஆனால் பந்தலின் ஒவ்வொரு காலும் எவ்வளவு ஆழம் ஊன்றியிருக்கிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒரே பெயரில் இரண்டு இடங்களில் நடக்கும் பட்டங்களில் ஒன்று பாதி வேதியியலாக இருக்கும், இன்னொன்று முக்கால்வாசி கொள்கையும் கட்டுரையுமாக இருக்கும். வேதியியல் பட்டத்தில் இந்த ஏமாற்றம் குறைவு. பென்சீன் எங்கே போனாலும் பென்சீன்தான்.

இரண்டும் ஏன் வேண்டும் என்பதற்கு மினமாட்டாவை நினைத்துப் பாருங்கள். ஜப்பானின் அந்தக் கடலோர ஊரில் 1956-ல் ஒரு விசித்திர நரம்பு நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கைகால் மரத்து, நடை தள்ளாடி, பார்வை குறுகி மனிதர்கள் விழுந்தார்கள். பூனைகள் வலிப்பு வந்து செத்தன. விரிகுடாவின் கரையில் இருந்த ஆலை, அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரசச் சேர்மத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தியது. அந்த வினையின்போதே பாதரசத்தில் ஒரு பங்கு மெத்தில் மெர்க்குரியாக மாறிக் கழிவோடு கடலுக்குப் போனது. பாதரசம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்த வடிவப் பாதரசம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இது வேதியியலின் பதில். அவ்வளவு பெரிய கடலில் கரைந்துபோகாதா என்று தோன்றும். கரையவில்லை. நுண்ணுயிர், சிறுமீன், பெருமீன் என்று ஒவ்வொரு வாயிலும் செறிவு ஏறிக் கடைசியில் மனிதனின் தட்டுக்கு வந்தது. இது சூழலியலின் பதில். காரணத்தை ஜப்பானிய அரசு முறையாக அறிவித்தது 1968-ல். அந்தப் 12 ஆண்டுகளுக்கு வேதியியலும் விடை சொல்லாது, சூழலியலும் சொல்லாது. சட்டமும் நிர்வாகமும் பாடத்தில் ஏன் இருக்கின்றன என்று சலித்துக்கொள்ளும் சுற்றுச்சூழல் மாணவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

வேலைக்கு வருவோம். வேதியியல் படித்தால் கதவுகள் அதிகம் என்பது பொதுவாக உண்மை. மருந்து, பெயின்ட், பாலிமர், பெட்ரோலியம், உணவு, தடயவியல், ஆசிரியப் பணி, கூடவே சுற்றுச்சூழல் ஆய்வகங்கள். ஆனால் அந்தக் கதவுகளில் பலவற்றின் பின்னால் தரக்கட்டுப்பாட்டு லேப் இருக்கிறது. அங்கே அதே மாத்திரை, கலவையைப் பிரித்து அளக்கும் அதே எச்பிஎல்சி கருவி, அதே படிவம் என்று நாள் முழுக்க ஓடும். சிலருக்கு அந்த ஒழுங்கே நிம்மதி, சிலருக்கு ஆறு மாதத்தில் மூச்சுமுட்டும். சுற்றுச்சூழல் பக்கம் ஆலோசனை நிறுவனம், கட்டுப்பாட்டு வாரியம், நீர் மேலாண்மை, தன்னார்வ அமைப்பு, நிறுவனங்களின் கார்பன் கணக்கு. களத்துக்குப் போகும் கனவோடு சேர்கிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: களத்தில் ஒரு நாள் என்றால் அறிக்கை எழுதுவதில் நான்கு நாள். எழுத வராதவருக்கு இது தண்டனை.

மேற்படிப்பில் சமநிலை இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வேதியியல் முடித்தவர் முதுகலையில் சுற்றுச்சூழலுக்கு மாறுவது வழக்கமான பாதை. எதிர்த்திசையில் வருவது கஷ்டம், ஏனென்றால் ஏணியின் நடுப்படிகள் இல்லாமல் மேல்படியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கரிம வேதியியலின் லேபைப் பின்னால் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளவும் முடியாது. ஜிஐஎஸ்ஸையும் புள்ளியியலையும் ஓரளவு கற்கலாம்.

அதனால் இரண்டுக்கும் நடுவில் மனம் ஊசலாடுகிறவருக்கு என் வாக்கு வேதியியலுக்கு, துணைப்பாடமாகச் சூழலியலோ புள்ளியியலோ சேர்த்து. ஆனால் சிலர் ஊசலாடவே மாட்டார்கள். ஒரு ஆறு, ஒரு சதுப்பு, ஒரு ஊரின் காற்று என்று குறிப்பான ஓர் இடத்தின் மேல் அவர்களுக்குக் கேள்வி இருக்கும். அவர்களை “பாதுகாப்பாக இருக்கும்” என்று சொல்லி வேதியியலில் தள்ளுவது வீண்வேலை. இரண்டாம் ஆண்டு அம்புக்குறிகளில் அந்த ஆர்வமே வற்றிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழி, சுற்றுச்சூழல் வேதியியல் என்றே பெயரிட்ட பட்டம். நன்றாக அமைந்தால் இதைவிடப் பொருத்தமானது இல்லை. அதில் இயற்பிய வேதியியல் முழுதாக இருக்கிறதா, அல்லது “அறிமுகம்” என்ற சொல்லோடு முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். பொறியியல் வேறு குணம். சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட ஆசை என்றால் சுற்றுச்சூழல் பொறியியலோ வேதிப் பொறியியலோ எடுங்கள். தண்ணீரில் என்ன இருக்கிறது என்ற ஆர்வத்துக்கு அது தீனி போடாது.

பட்டத்தின் பெயர் ஆளைக் கட்டிப்போட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். ஓசோன் படலம் பற்றிய ஆய்வுக்காக 1995-ல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் மரியோ மொலினா படித்தது வேதிப் பொறியியல், ஷெர்வுட் ரோலண்ட் கதிரியக்க வேதியியலாளர், பால் க்ரட்ஸன் சிவில் பொறியியல் படித்துப் பாலம் கட்டும் துறையில் வேலை பார்த்தவர். இன்னொரு பக்கம், பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கும் வழியையும் குளிர்பதனப் பெட்டிக்குக் குளோரோஃபுளோரோகார்பனையும் கொண்டுவந்த தாமஸ் மிட்ஜ்லி ஒரு இயந்திரப் பொறியாளர். ஓசோனைத் தின்ற அந்தக் குளோரோஃபுளோரோகார்பனைக் கொடுத்தவரும், ஓசோன் எப்படிச் சிதைகிறது என்று கண்டுபிடித்தவர்களில் இருவரும் பொறியியல் வகுப்பிலிருந்து வந்தவர்கள் என்பதைப் பாருங்கள்.

சேர்வதற்கு முன் துறைத் தலைவரிடம் பேசுவதைவிட மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். துறையில் ஜிசி-எம்எஸ் (மாதிரியில் என்னென்ன சேர்மங்கள் என்று பிரித்துக் காட்டும் கருவி) இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இந்த வருஷம் நீங்களே ஊசியில் மாதிரியை ஏற்றினீர்களா, இல்லை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தீர்களா என்று கேளுங்கள். சுற்றுச்சூழல் துறையென்றால் களக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பக்கங்களில் மண்ணும் தண்ணீரும் பட்ட கறையும், மாதிரி எடுத்த நேரமும், அடித்துத் திருத்திய எண்களும் இருக்கின்றனவா, இல்லை கடைசி வாரத்தில் ஒரே பேனாவால் எழுதி முடித்த அழகான கையெழுத்தா என்று பாருங்கள்.