சியாவ்லின் நினைவுப் பூங்கா, தைவான்: ரீயூனியன் தீவிலிருந்து போகிறவர்களுக்கு

தைவான் போகும் நம்ம ஆட்கள் தைபேயையும் இரவுச் சந்தைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே காவோசியுங் வரை போகிறவர்கள் ஒரு பகலை ஒதுக்கி, ஜியாசியான் மலைப்பக்கம் இருக்கும் இந்தப் பூங்காவுக்கும் போய் வரலாம். உல்லாசப் பயணமாக மட்டும் நினைத்துப் போகாதீர்கள்.

2009 ஆகஸ்ட் 9 காலை, மொராகோட் புயல் மழையில் ஊறிய மலை சரிந்து சியாவ்லின் கிராமத்தை மூடியது. 460 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலானவர்களின் உடல்கூடக் கிடைக்கவில்லை. சரிந்த மண் ஆற்றை மறித்துத் தேக்க, அதுவும் உடைந்து மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போனது. அந்தப் புயலில் அலிஷான் மலையில் சில நாளில் 2,700 மி.மீ.க்கு மேல் மழை. 2007 கமேத் புயலில் மூன்றே நாளில் 3,900 மி.மீ. வாங்கிய தீவு நம்முடையது, 1875இல் நம்ம சலாசியில் கிரான் சாப்ள் என்ற ஊர் 63 பேரோடு புதைந்ததும் மலைச்சரிவில்தான், அதனால் அங்கே நின்று எதிர்ச்சரிவைப் பார்க்கும்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

பூங்காவில் எனக்குப் பிடித்தது மரங்கள். 181 மலைச் செர்ரி மரங்கள், புதைந்த குடும்பம் ஒன்றுக்கு ஒரு மரம். ஆளுக்கு ஒன்று என்று வைக்காதது நல்ல யோசனை, தாத்தா முதல் பேரன் வரை மொத்தமாகப் போன வீட்டில் யாருக்கு யார் வந்து தண்ணீர் ஊற்றுவது? ஒரு மரத்தடியில் பிஸ்கட் பாக்கெட்டும் பழச்சாறு டப்பாவும் வைத்திருந்தார்கள், டப்பாவில் ஒட்டிய ஸ்ட்ராவைக்கூடப் பிரிக்கவில்லை. நம்ம ஊரில் முன்னோருக்கு வைக்கும் சம்ப்ளானிப் படையல் மாதிரியேதான், செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது. யாரோ சின்னப் பிள்ளைக்காக இருக்க வேண்டும்.

இறந்தவர்களுக்கென்று நினைவு மண்டபமும் உண்டு, அங்கே சத்தம் போடாமல், படம் எடுக்காமல் இருந்தால் நல்லது. சியாவ்லின் மக்கள் தைவோவான் என்ற பூர்வகுடி. சீனக் கணக்கில் 9ஆம் மாதப் பௌர்ணமியன்று இவர்களுடைய இரவுச் சடங்கு நடக்கும், உயிர் பிழைத்தவர்கள் இடம் மாறிக் குடியேறிய பிறகும் அதை விடவில்லை. தேதி ஒத்துவந்தால் பயணத்தையே அதற்கேற்ப வைத்துக்கொள்வேன்.

சொந்தமாக வண்டி இருந்தால் நிம்மதி. சீனம் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலியைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம், மலைப்பாதை வேண்டாம். செர்ரி பூக்கும் ஜனவரி, பிப்ரவரிதான் சரி. அப்புறம், ஜியாசியான் கடைத்தெருவில் சேப்பங்கிழங்கு ஐஸ்கிரீம் பிரபலம், நம்ம சோஞ்ச்தான். போகிற வழியிலேயே சாப்பிட்டுவிடுங்கள், திரும்பும்போது கடை மூடியிருக்கலாம்.