தப்பு விடையைத் தேடிப் பிடிக்கும் ஆன்லைன் கணக்கு வகுப்பு: ஏழு மாத அனுபவம்

பல்லடம் பக்கம் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே தறிக் குடோன், நான்கு தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் போனில் கணக்கு வகுப்பு கவனிக்க முடியுமா என்று ஆரம்பத்தில் எனக்கு நம்பிக்கையே இல்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது, இப்போது தெரிந்தவர்களிடம் எல்லாம் இந்த வகுப்பைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நடத்துபவர் கோபிச்செட்டிபாளையம் (கோபி) பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளிக் கணக்கு டீச்சர். வாரம் மூன்று நாள், மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை, ஒரு குழுவில் பதினான்கு பிள்ளைகள், மாதம் 900 ரூபாய். பாடம் நேரலையில் நடக்கும், மற்றதெல்லாம் கூகுள் ஃபார்மும் வாட்ஸ்அப்பும்தான். தனியாகச் செயலி எதுவும் கிடையாது.

இதற்கு முன்னால் வேறொரு செயலிக்கு ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டியிருந்தோம். வீடியோ எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், மாதக் கடைசியில் ஒரு தேர்வு வரும், எழுதி முடித்த நிமிடமே 100-க்கு 46 என்று திரையில் விழும். எந்த இடத்தில் தடுக்கியது, அதை எப்படிச் சரி செய்வது என்று யாரும் சொல்லவில்லை, அடுத்த நாள் அடுத்த பாடம் ஓட ஆரம்பித்துவிடும். மூன்றாவது மாதத்தில் பிள்ளை அதைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள்.

இந்த டீச்சர் செய்வது நேர் எதிர். வகுப்பு முடிந்ததும் மூன்றே கேள்வி அனுப்புவார், அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அந்த மூன்று கேள்விக்கு அவர் எடுத்துக்கொள்ளும் பாடு சாதாரணமில்லை. ஒரு நாள் வந்த கேள்வி, (x+5)² எவ்வளவு என்பது. விடைகள் நான்கு: x²+25, x²+5x+25, 2x+10, x²+10x+25. கடைசிதான் சரி. மற்ற மூன்றும் சும்மா இட்டு நிரப்பியவை அல்ல. முதலாவதைத் தொட்ட பிள்ளை நடுவில் வரும் உறுப்பையே மறந்திருக்கிறாள், இரண்டாவதைத் தொட்டவள் நடு உறுப்பில் 2-ஐ விட்டிருக்கிறாள், மூன்றாவதைத் தொட்டவள் வர்க்கம் என்பதை இரண்டால் பெருக்குவது என்று நினைத்திருக்கிறாள். எதைத் தொட்டாலும் டீச்சருக்கு அந்தப் பிள்ளை என்ன யோசித்தாள் என்பது தெரிந்துவிடும்.

என் மகள் தொட்டது x²+25. கூகுள் ஃபார்மில் ஒவ்வொரு விடைக்கும் ஒரு தனிப் பகுதிக்குப் போகும்படி வழி வைக்க முடியும், அதை இவர் முழுதாகப் பயன்படுத்துகிறார். தப்பு என்று சிவப்பில் எதுவும் வரவில்லை. 'x-க்கு 1 போட்டு இரண்டு பக்கமும் பாரு கண்ணு' என்று ஒரு வரி வந்தது. ஒரு பக்கம் 36, இன்னொரு பக்கம் 26. அவளே நோட்டைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். அடுத்த வகுப்பில் டீச்சர், x+5 அடிப் பக்கமுள்ள ஒரு சதுரக் காட்டை வரைந்து, குறுக்கே ஒரு வரப்பு, நெடுக்கே ஒரு வரப்பு போட்டு, நான்கு துண்டாகப் பிரித்துக் காட்டினார். 'x² துண்டையும் 25 துண்டையும் எடுத்துக்கிட்டீங்க, இந்த ரெண்டு 5x துண்டையும் யாருக்கு விட்டீங்க சாமி?' என்று கேட்டாராம். அன்று ஐந்து பிள்ளைகள் அதே தப்பைச் செய்திருந்ததால் அந்த வகுப்பே அங்கிருந்துதான் தொடங்கியது.

வாழ்வியல் கணிதம் என்ற பாடத்தில் வந்த மஞ்சள் விலைக் கணக்கும் எங்கள் வீட்டில் பேச்சாகிவிட்டது. குவிண்டால் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, விலை 10 சதவீதம் ஏறி, அப்புறம் 10 சதவீதம் இறங்கினால் என்ன விலை? பழைய விலையே என்று வீட்டுக்காரரும் சொன்னார். 11,000-க்கு ஏறியது, அதில் 10 சதவீதம் 1,100, ஆக 9,900 என்று மகள் அப்பாவுக்கு எடுத்துச் சொன்னதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் பி.எட். படித்து இரண்டு வருடம் பள்ளியில் வேலை பார்த்தவள் என்பதால் இப்படிப் பாடம் நடக்கும்போதே என்ன புரியவில்லை என்று பார்த்துச் சரி செய்வதை வளரறி மதிப்பீடு என்று சொல்வார்கள் எனத் தெரியும். 2012-13-இல் நம் மாநிலத்தில் வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது எட்டாம் வகுப்பு வரை வளரறிக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறிக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் பார்த்த வரையில் அந்த 40-உம் பதிவேட்டில் நிரப்ப வேண்டிய இன்னொரு மதிப்பெண்ணாகவே ஆகிவிட்டது. மதிப்பெண் என்று ஒன்று வந்துவிட்டால் பிள்ளையின் கண் அதில்தான் நிற்கும். 1988-இல் ரூத் பட்லர் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது: விடைத்தாளில் வெறும் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. டீச்சரும் முதல் மாதம் மதிப்பெண் போட்டுப் பார்த்தவர்தான். பிள்ளைகள் விடையை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து எல்லோரும் மூன்றுக்கு மூன்று வாங்கிவிட்டார்கள், யாருக்கு என்ன புரியவில்லை என்பதே தெரியாமல் போய்விட்டது. மதிப்பெண்ணை எடுத்ததும் காப்பி அடிப்பது தானாக நின்றது.

ஆன்லைனில் இது இன்னும் அவசியம் என்று நினைக்கிறேன். நேரில் இருந்தால் முகத்தைப் பார்த்தே டீச்சர் கண்டுபிடித்துவிடுவார், இங்கே பதினான்கு கேமராவும் அணைந்து கிடக்கும், 'புரிஞ்சுதா?' என்றால் 'புரிஞ்சுதுங்க டீச்சர்' என்று ஒரே குரல்தான் வரும். என் மகள் தறிச் சத்தத்துக்குப் பயந்து மைக்கைத் திறக்கவே மாட்டாள். பள்ளியிலும் வாய் திறக்காத பிள்ளை. அவளுக்கு அந்த மூன்று கேள்விதான் டீச்சரிடம் பேசும் வழி. கடைசியில் 'இன்னைக்கு எது புரியலை?' என்று ஒரு பெட்டி இருக்கும், முதலில் காலியாகவே விட்டவள் இப்போது அதில் நான்கு வரி எழுதுகிறாள்.

குறைகளும் உண்டு. வடிவியலுக்கு இந்த முறை ஒத்துவரவில்லை. வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், கோணம் சரிதானா என்று போட்டோவில் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்ப்பதால் பள்ளிப் பரீட்சை நெருக்கத்தில் பதில் வர மூன்று நாள்கூட ஆனது, அதற்குள் பிள்ளைக்குக் கேள்வியே மறந்துவிடுகிறது. வீட்டில் ஒரே போனை அண்ணன் தம்பி பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகள் சிலர் ஃபார்மை மறுநாள் காலையில்தான் போடுகிறார்கள், டீச்சர் அவர்களுக்காகக் காத்திருக்கிறார், அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

பள்ளி மதிப்பெண் எவ்வளவு ஏறியது என்று கேட்பவர்களுக்கு: கொஞ்சம் ஏறியிருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை. விளம்பரத்தில் வருவது போல 46-லிருந்து 95 என்று எதிர்பார்த்துச் சேர்க்காதீர்கள். தேர்வுக்கு முன் மாதிரி வினாத்தாளாக அடுக்கித் தரும் வகுப்பு வேண்டும் என்றாலும் இது வேண்டாம். கணக்கு நோட்டைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம், 900 ரூபாய்க்கு மேலேயே கிடைக்கிறது.

ஒன்பதாம் வகுப்புக்கும் இவரிடமே தொடர்கிறோம். வடிவியலுக்கு மட்டும் மாதம் ஒரு சனிக்கிழமை நேரில் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். கோபிக்கே கூட்டி வருகிறோம் என்று மூன்று வீட்டுக்காரர்கள் சொல்லியாகிவிட்டது.