காப்பியடித்ததைச் சோதிக்கும் மென்பொருள்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

எங்கள் கல்லூரியில் முதுகலை ஆய்வேடுகளைக் காப்பியடித்ததா என்று மென்பொருளில் சோதிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நான் வரலாற்றுத் துறையில் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுக்கும் நெறியாளர். "மென்பொருள் வந்தால் காப்பி நின்றுவிடுமா?" என்று மற்ற கல்லூரி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் அது மட்டும் போதாது என்பதே என் பதில்.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு பொருந்தும் பகுதி, 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஓராண்டுத் தடை. அதற்கும் மேலே என்றால் பதிவே ரத்து. அதனால் மாணவர் முதலில் கேட்பது "எத்தனை பர்சன்ட் சார்?" என்றுதான்.

அந்த எண்ணை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்கு 31 சதவீதம் வந்தது. அழுதுகொண்டே வந்தார். உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். ஒப்புமை என்று மென்பொருள் வண்ணம் பூசியிருந்தது உறுதிமொழிப் பக்கம், நூற்பட்டியல், மேற்கோள் குறிக்குள் இருந்த கல்வெட்டு வரிகள். நூற்பட்டியலையும் மூலம் காட்டிய மேற்கோள்களையும் விலக்கிவிட்டுத்தான் கணக்கிட வேண்டும் என்று விதிமுறையே சொல்கிறது. மென்பொருளிலும் அதற்கான வசதி இருந்தது. யாரும் அதைத் தேர்வு செய்யவில்லை. செய்ததும் 7 ஆனது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. தமிழ் வழி மாணவர் ஒருவருக்கு 3 சதவீதம்தான். படித்துப் பார்த்தால் ஓர் இயல் முழுக்கப் பழைய மாவட்ட வரலாற்று நூலிலிருந்து எடுத்தது. அந்த நூல் அச்சில் மட்டுமே இருக்கிறது, இணையத்தில் இல்லை. மென்பொருள் எங்கே போய்த் தேடும்? பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளிலும் இதே சிக்கல். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். இணையத்தில் உள்ள யூனிகோடு தமிழோடு அது எப்படிப் பொருந்தும்? இப்போது யூனிகோடு கோப்பு இல்லாமல் வாங்குவதில்லை. ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் மொழிபெயர்த்து ஒட்டினால் அதையும் எங்கள் மென்பொருள் பிடிப்பதில்லை. நெறியாளர் படித்தால்தான் பிடிபடும், வாக்கியம் தமிழாகவே நடக்காது.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளை வைத்து ஒரு மதிப்பெண்கூடக் குறைக்க மாட்டேன். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. தானாக எழுதிய பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சைத் திரும்பப் பெற முடியாது.

எங்களுக்கு உண்மையில் பலன் தந்தது தலைப்பை மாற்றியதுதான். "சோழர் கால நீர்ப்பாசனம்" என்று கொடுத்தால் கல்லூரி வாசலில் உள்ள டிடிபி கடையிலேயே ஆய்வேடு தயாராகக் கிடைக்கும். "உங்கள் ஊர் ஏரியின் மதகுகளும் நீர்க்கட்டிகளும்" (நீர்க்கட்டி என்பவர் ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சுபவர்) என்று கொடுத்தால் அது எந்தக் கடையிலும் இல்லை. ஒரு மாணவர் ஏரிக்கரையில் நின்று மதகை அளந்தார், வயதான நீர்க்கட்டியிடம் பேசிப் பதிவு செய்தார். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "அவருக்குக் கூலி எப்படி?" என்று கேட்டேன். ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல்லாகக் கொடுத்து வந்ததையும், தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் அது நின்றுபோனதையும் தாளைப் பார்க்காமலே சொன்னார். அவருடைய ஒப்புமை அறிக்கையை நான் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், சோதனையைக் கடைசி நாளுக்கு வைக்காமல் முதல் வரைவிலேயே ஓட்டி, அறிக்கையை மாணவர் கையிலேயே கொடுக்கிறோம். எந்த வரிக்கு அடிக்குறிப்பு விட்டுப்போனது, எதைத் தன் சொல்லில் எழுத வேண்டும் என்று அவர்களே பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மேற்கோள் காட்டும் முறையை அதுவரை யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்வதும் உதவுகிறது. திருத்த வரலாற்றைத் திறந்தால் பத்தி பத்தியாக வளர்ந்ததா, ஒரே இரவில் வந்து விழுந்ததா என்று தெரியும்.

இவ்வளவும் ஒரு நெறியாளருக்கு ஏழெட்டு மாணவர் இருந்தால் நடக்கும். இருபது பேரைத் தலையில் கட்டினால் வரைவைப் படிக்கவே நேரம் இருக்காது, மறுபடியும் அந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். உங்கள் கல்லூரியில் மென்பொருளுக்குப் பணம் ஒதுக்கும் கூட்டம் நடந்தால், ஒரு நெறியாளருக்கு எத்தனை மாணவர் என்பதையும் அதே கூட்டத்தில் பேசுங்கள்.