வீட்டை விற்கப் போகிறாராம்: இருப்பதா, பணம் வாங்கிக்கொண்டு கிளம்புவதா, நாமே வாங்குவதா?

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். குன்னூரில் பெட்போர்டுக்கு மேலே வீடு. சாலையிலிருந்து அறுபது படி. உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். "பையன் பெங்களூர்லயே செட்டில் ஆயிட்டானுங்க. எனக்கு இந்தப் படி ஏற முடியல. வீட்டைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். நீங்களே வாங்கிக்கிட்டாலும் சரி, இல்ல ரெண்டு மாசத்துல காலி பண்ணிக் கொடுத்தாலும் சரி."

அவர் சொல்லாமல் விட்ட மூன்றாவது வழி ஒன்று உண்டு: ஒப்பந்தக் காலம் முடியும்வரை அப்படியே இருப்பது. நாங்கள் எடுத்தது அதைத்தான். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், தெரிந்தே படியுங்கள்.

வாங்குவதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அது ஒரே இரவில் முடிந்துபோன பேச்சு. கேட்டது 78 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்த விலைக்கே பத்திரம் போட்டால் இதற்கு மட்டும் 7 லட்சத்து 2 ஆயிரம். அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை, பிளான் அப்ரூவல் கீழ்த்தளத்துக்கு மட்டும்தான் இருந்தது. மாடி பிற்பாடு கட்டியது. மலைப்பகுதிக் கட்டட விதிகள் சமவெளியைவிடக் கெடுபிடியானவை, வங்கிக்காரர்கள் காகிதத்தைப் பார்த்துத்தான் கடன் கொடுப்பார்கள். கையில் ரொக்கம் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம். ஒன்று மட்டும்: குடியிருப்பவருக்குத்தான் முதலில் விற்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, எங்களைப் போன்ற சாதாரண வாடகைக்காரர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

அடுத்தது, பணம் வாங்கிக்கொண்டு கிளம்புவது. வீடு காலியாக இருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்று புரோக்கர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அதனால் அட்வான்ஸ் 1,30,000 ரூபாயை உடனே தருவதோடு, இரண்டு மாத வாடகை 26,000 மேலே தருகிறேன் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். குன்னூரில் அதே அளவு வீடு இப்போது 18,000-க்குக் குறைந்து கிடைக்கவில்லை. நாங்கள் கொடுப்பது 13,000. ஒப்பந்தம் முடிய மீதி ஏழு மாதம், அதற்கு வித்தியாசம் மட்டும் 35,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000. அறுபது படி சாமான் இறக்கி, இன்னொரு படி ஏற்ற ஆள்கூலி, வண்டி எல்லாம் சேர்த்து 8,000. மொத்தம் 61,000. 26,000-ஐ வாங்கிக்கொண்டு 61,000 செலவழிப்பது என்ன லாபம்?

அப்புறம் தண்ணீர். ரேலியா அணைத் தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில், தொட்டியும் நல்ல அழுத்தமும் உள்ள வீட்டை விட்டுக் கிளம்ப யோசிக்க வேண்டும். வாடகைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக ஹோம்ஸ்டே ஆகிக்கொண்டிருப்பதும் தெரிந்ததுதான். மகள் வேறு பத்தாம் வகுப்பு.

ஆனால் உங்கள் கையில் எழுத்து ஒப்பந்தமே இல்லை என்றால், பணம் வாங்கிக்கொண்டு கிளம்பும் இந்த வழியை அலட்சியப்படுத்தாதீர்கள். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி (2017-இல் இயற்றியது, 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி வெளியேற்ற மனுப் போடலாம். பழைய சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, "இருபது வருஷமா இருக்கோம், யாரும் அசைக்க முடியாது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி, இருப்பது. விற்பனையால் மட்டும் வாடகை ஒப்பந்தம் முறிவதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 109-ஆவது பிரிவு: வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து உட்காருகிறார், உரிமையோடும் பொறுப்போடும். வீடு கைமாறியது தெரியாமல் பழையவரிடம் நல்லெண்ணத்தில் கொடுத்த வாடகையைப் புதியவர் மறுபடி கேட்க முடியாது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி விரட்டவும் சட்டம் விடாது. பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு புரோக்கர் நினைத்த நேரம் கதவைத் தட்டியபோது, ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள் என்றோம். அதோடு அது நின்றது.

இதெல்லாம் வழக்கறிஞரிடம் அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டது. என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு: அட்வான்ஸ். 1,30,000 பழையவரிடம் இருக்கிறது. அவர் விற்ற பணத்தோடு பெங்களூர் போய்விடுவார். புதியவர், "என்கிட்ட நீங்க எதுவும் கொடுக்கலையே" என்பார். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது புதுச் சட்டம். ஆனால் நம் ஊர் வழக்கம் பத்து மாதம், எங்கள் ஒப்பந்தத்திலும் பத்து மாதம் என்றே எழுதியிருந்தோம்.

அதே 109-ஆவது பிரிவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டை விற்றுவிட்டதால் மட்டும் பழையவர் தன் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. குடியிருப்பவர் புதியவரைப் பொறுப்பாளியாக ஏற்றுக்கொண்டால்தான் விடுபடுவார். அதாவது அந்தக் கையெழுத்து நம்மிடம் இருக்கிறது. அதைச் சும்மா போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. கிரயத்துக்கு இரண்டு நாள் முன்னால் புரோக்கர் ஒரு தாளை நீட்டினார்: "இன்று முதல் இன்னாரை உரிமையாளராக ஏற்கிறேன், பழைய உரிமையாளரிடம் எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை." சும்மா ஃபார்மாலிட்டிதான் சார் என்றார். அந்தக் கடைசி வரி ஃபார்மாலிட்டி இல்லை, என் 1,30,000 ரூபாய்.

கையெழுத்துப் போடவில்லை. பதிலுக்கு மூன்று பேரும் கையெழுத்திடும் ஒரு கடிதம் எழுதினோம். அட்வான்ஸ் தொகை எண்ணிலும் எழுத்திலும். அதைக் கிரயத் தொகையில் கழித்துக்கொண்டதாகப் பழையவரும் புதியவரும் ஒப்புக்கொள்வது. காலி செய்யும்போது புதியவரே திருப்பித் தருவது. ஒப்பந்தம் ஏப்ரல் 30 வரை அதே வாடகையில் தொடர்வது. கிரயப் பத்திரத்திலும் 'வாடகைதாரர் இருக்கும் நிலையில்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். வீட்டுக்காரருக்கு முதலில் வருத்தம்தான். "ஏழு வருஷம் பழகியும் என்னை நம்பலையா?" என்றார். நம்புகிறோம் ஐயா, வாங்குகிறவரைத்தான் தெரியாது என்றதும் சிரித்துவிட்டார். பாக்கி வைக்காமல் மாதா மாதம் வங்கி வழியாக வாடகை கொடுத்தது இந்த இடத்தில் கை கொடுத்தது.

இருப்பதிலும் குறை உண்டு. இது ஒப்பந்தக் காலம் வரைக்கும்தான். அதற்குப் பிறகும் பிடிவாதமாக உட்கார்ந்தால் இரட்டிப்பு வாடகை கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாங்கியவர் தானே குடிவர வேண்டும் என்று வாடகை நீதிமன்றத்துக்குப் போகவும் வழி இருக்கிறது. அந்தப் படி நான் ஏறியதில்லை, அதனால் அனுபவமாக எதுவும் சொல்ல மாட்டேன். உங்கள் ஒப்பந்தத்தில் மீதி ஒன்றிரண்டு மாதமே இருந்தால், வீட்டுக்காரர் தரும் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவதே மேல்.

நவம்பர் மழையில் கிரயம் முடிந்தது. வாங்கியவர் திருப்பூர்க்காரர், மாதம் ஒரு தடவை வருகிறார், கூரைத் தகரத்தை மாற்றிக் கொடுத்தார். ஏப்ரல் 30 என்பது சீசன் உச்சம், அப்போது இந்த ஊரில் வாடகை வீடு தேடுவது வீண் வேலை. ஜூன் கடைசி வரை நீட்டித்து எழுதித் தரக் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாங்க" என்றிருக்கிறார்.