டுராங்கோ–சில்வர்டன் ரயில்: ஒரு முழு நாளை ஒதுக்கிப் போங்கள்

பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டுகள் பிட்டராக இருந்தவன் நான். அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்தபோது கேட்ட ஒரே இடம், கொலராடோவின் டுராங்கோ. அங்கிருந்து நீராவி எஞ்சின் பூட்டிய வண்டி 72 கிலோமீட்டர் மலையேறிச் சில்வர்டன் என்ற பழைய சுரங்க ஊருக்குப் போகிறது. போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம். எனக்கு அலுக்கவே இல்லை.

எங்களை இழுத்தது 1925இல் பால்ட்வின் தொழிற்சாலை கட்டிய கே-36 ரக எஞ்சின். தண்டவாள அகலம் மூன்றே அடி, நம் மீட்டர் கேஜை விடக் குறுகல். தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் ஓட்டுநர் எண்ணெய்க் கேனோடு இறங்கி, அச்சைத் தாங்கும் பேரிங்குகளில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். நாங்களும் அப்படித்தான் பார்ப்போம். காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சூடு தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டுராங்கோ என்ற ஊரே ரயில் போட்ட ஊர். பக்கத்தில் அனிமாஸ் சிட்டி முன்பே இருந்தது. டென்வர் அண்டு ரியோ கிராண்ட் ரயில் கம்பெனியின் நிபந்தனைகளுக்கு அது இணங்கவில்லை. கம்பெனி 1880இல் சற்றுத் தெற்கே தள்ளிப் புது ஊருக்கு மனை பிரித்தது. கடைகளும் ஆட்களும் அங்கே பெயர்ந்தார்கள். பழைய ஊர் இன்று டுராங்கோவுக்குள் ஒரு பகுதி.

1882 ஜூலையில் பாதை சில்வர்டனை எட்டியதும், கழுதை முதுகில் இறங்கிய வெள்ளித் தாது வண்டியேறியது. சில்வர்டனில் இருந்த உருக்காலை அதற்கு முன்பே டுராங்கோவுக்கு இடம்பெயர்ந்திருந்தது. நிலக்கரி அங்கேதான் கிடைத்தது, தாதுப் பாரமும் இறக்கத்திலேயே வந்துவிடும். கணக்குத் தெரிந்தவர்கள்! சில்வர்டனோ அரிசி பருப்புக்குக்கூட ரயிலை நம்பும் ஊரானது. 1884 குளிர்காலத்தில் பனிச்சரிவு பாதையை அடைத்து, இரண்டு மாதத்துக்கு மேல் வண்டியே வரவில்லை.

சுரங்கங்கள் மூடிவிட்டன, கடைசிப் பெரிய சுரங்கம் 1991இல். ஆனாலும் நாங்கள் சாப்பிடப் போன கடையில், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன் கடைக்கார அம்மாள் கேட்டது, "உங்கள் வண்டி எத்தனை மணிக்கு?" சூப்பும் ரொட்டியும் பத்தே நிமிடத்தில் மேசைக்கு வந்தன.

போகும்போது வலப்பக்க இருக்கையைக் கேளுங்கள். வழியில் ராக்வுட் என்ற இடம் தாண்டியதும் வண்டி பாறை விளிம்பில் ஊரும், நேர் கீழே அனிமாஸ் ஆறு. சில்வர்டன் 2,840 மீட்டர் உயரம், கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். டுராங்கோ நிலையத்தின் பின்னால், எஞ்சின் கொட்டகையிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.