ஹார்மோன் ஜெல் நல்லதுதான், கையில் கிடைத்தால்

மருந்தைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு வருகிற திட்டெல்லாம் வேறு கணக்கு.

மாதவிடாய் நின்றதும் உடம்பில் குறைந்துபோகிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்காகத் தோலில் தடவுகிற ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், அது கர்ப்பப்பை உட்சுவரைக் கெடுத்துவிடாமல் இருக்க ராத்திரி புரோஜெஸ்டிரோன் என்கிற இன்னொரு ஹார்மோன் கேப்ஸ்யூலும் எடுத்துக்கொண்டு வருகிறேன், வருடக்கணக்காகிவிட்டது. அதற்கு முன்னால் இருந்த நிலைமை, பட்டவர்களுக்குத் தெரியும். நள்ளிரவு தாண்டி நெஞ்சிலிருந்து கழுத்துக்கு அனல் ஏறும், நைட்டி பிழிகிற மாதிரி நனையும், ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் அடுத்த பத்தாவது நிமிஷம் குளிரில் நடுங்கும், பக்கத்தில் ஒருத்தர் போர்வைக்குள் முனகுவார். பகலில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும், பிளஸ் ஒன் பிள்ளைகள் முன்னால். ஜெல் ஆரம்பித்து சில வாரங்களில் இதெல்லாம் அடங்கியது.

அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது மூட்டு வலி போனது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, காபி டபராவைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். எலும்பு டாக்டரிடம் போய், யூரிக் ஆசிட் பார்த்து, கால்சியம் விழுங்கி, வாத நோய்க்கு ரத்தம் கொடுத்து, எல்லாம் நார்மல் என்று வீட்டுக்கு வந்தேன். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் மூட்டும் வலிக்கலாம் என்று அங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வியர்வைக்காகத் தடவிய ஜெல் விரலையும் சேர்த்துச் சரி செய்தது. இந்த ஒன்றுக்காகவே அதற்குக் கோயில் கட்டலாம்.

இப்போது திட்டு.

இந்த ஜெல் கடையில் இருக்காது. திருச்சி தில்லை நகரில் திரும்பிய பக்கமெல்லாம் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்கு நாலு மெடிக்கல். எங்கே கேட்டாலும் "ஆர்டர் போட்டாத்தான் வரும்மா, அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க." கொடுத்துவிட்டுப் போனால் நாளை என்பார்கள், அப்புறம் திங்கள்கிழமை என்பார்கள், அப்புறம் ஸ்டாக்கிஸ்ட்டிடமே இல்லை என்பார்கள். சர்க்கரை மாத்திரைக்கோ பிரஷர் மாத்திரைக்கோ இப்படி நடந்தால் கடையில் சண்டையே வரும். இதற்கு மட்டும் ஏதோ முகத்துக்குப் பூசுகிற க்ரீம் வரவில்லை என்பது போல ஒரு தோள் குலுக்கல். நடுவில் ஒரு தடவை டியூப் தீர்ந்து போய் அடுத்தது வருவதற்குள் பழைய அனல் அப்படியே திரும்பி வந்தது, விரலும் சேர்ந்து மடங்க மறுத்தது.

கேப்ஸ்யூல் கதை வேறு. அது எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஏனென்றால் கர்ப்பம் தங்குவதற்கும் இதே புரோஜெஸ்டிரோனைத்தான் எழுதித் தருகிறார்கள். அதனால் சீட்டைப் பார்த்ததும் கவுண்டரில் இருக்கிற பையன் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "மகளுக்கா மேடம், எத்தனாவது மாசம்?" எனக்குத்தான் என்றால் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, "ஜெல் இல்ல, இந்த மாத்திரை வாங்கிக்கங்க, உள்ள இருக்கிறது ஒண்ணுதான்" என்கிற உபதேசம். ஒன்றுதான், ஆனால் போகிற வழி ஒன்றில்லை. வாய் வழியாகப் போகிற ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அங்கே ரத்தம் உறைய வைக்கிற புரதங்களைக் கூட்டுகிறது. தோல் வழியாகப் போவது நேரே ரத்தத்தில் கலப்பதால், ரத்தக் குழாயை அடைக்கிற ரத்தக்கட்டு வரும் அபாயம் குறைவு. என் அம்மாவுக்குக் காலில் ரத்தக்கட்டு வந்திருக்கிறது, எனக்கு எடையும் கூடுதல், அதனால்தான் டாக்டர் யோசித்து ஜெல் எழுதினார். அதைக் கவுண்டரில் இரண்டு நொடியில் மாற்ற இவர்கள் யார்?

டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, அந்த டாக்டரைப் போய்ச் சேர்ந்ததே பெரும் பாடு. முதலில் பார்த்தவர் "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்று தூக்க மாத்திரை கொடுத்தார். அடுத்தவர், "இனி எதுக்கு அந்தக் கர்ப்பப்பை, எடுத்துடலாமே" என்றார், ஏதோ பழைய பீரோவைப் போடுவது போல. மூன்றாவதாகப் பார்த்தவர்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்டார். கர்ப்பப்பை இருக்கிறதா, கடைசியாக எப்போது வந்தது, நின்ற பிறகு ரத்தப்போக்கு உண்டா, மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் கோளாறு எதுவும் எனக்கோ குடும்பத்திலோ உண்டா. பிரஷர் பார்த்தார், மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்த்தார். ஹார்மோன் டெஸ்ட் எழுதவில்லை. 45 வயதுக்கு மேல் அறிகுறி தெளிவாக இருந்தால் அது அநாவசியச் செலவு என்றார். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது, அப்படியும் நம்மூரில் இந்தப் பேச்சையே ஏதோ வெளிநாட்டுக்காரர்கள் வியாதி போல நடத்துகிறார்கள்.

கேன்சர் வருமா என்று நான்தான் கேட்டேன். மழுப்பவில்லை. எல்லோரும் பயப்படுவது 2002இல் அமெரிக்காவில் நடுவில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வை வைத்து. அதில் 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் என்று வந்தது. அங்கே கொடுத்தது குதிரை மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும், புரோஜெஸ்டிரோன் மாதிரி வேலை செய்கிற செயற்கைப் புரோஜெஸ்டினும், பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், நின்ற 10 வருடத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்குக் கணக்கு வேறு, ஆனால் அபாயம் பூஜ்யம் இல்லை, வருடம் ஏற ஏறக் கொஞ்சம் கூடும், அதனால் வருடா வருடம் வந்து பேசிவிட்டுத் தொடரலாம் என்றார். 2025 நவம்பரில் அமெரிக்காவில் இந்த மருந்துகளின் விவரத்தாளில் கட்டம் கட்டிப் போடும் எச்சரிக்கையில் பெரும்பகுதியை எடுக்கப்போவதாக அறிவித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் உட்சுவரில் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கையை விட்டுவைத்தார்கள், அது நியாயம். எனக்குத் தெரிந்த ஒருத்தர் கேப்ஸ்யூல் தலைசுற்றுகிறது என்று அதை மட்டும் நிறுத்திவிட்டு ஜெல்லைத் தடவிக்கொண்டிருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். படுக்கப்போகும்போது போட்டால் அந்தக் கிறக்கமே தூக்கமாகிவிடுகிறது. ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் தீட்டுப் பட்டது, தானாக நின்றது. ஆறு மாதம் தாண்டியும் பட்டால் காட்டியே ஆக வேண்டும்.

சின்னக் குறைகளும் உண்டு. மே மாதத்தில் ஜெல் காய்வதற்குள் வியர்த்துவிடுகிறது, ஃபேனுக்குக் கீழே சோளக்கொல்லை பொம்மை மாதிரி கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும், அது காயும்வரை ரவிக்கை போட முடியாது, தடவிய இடம் சின்னக் குழந்தைகள் மேல் பட்டுவிடக் கூடாது. பழகிவிட்டது.

சித்தி மகள், மணப்பாறைப் பக்கம் இருக்கிறாள், தானும் ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். இவ்வளவு புகழ்ந்த நானே வேண்டாம்டி என்றேன். திருச்சியிலேயே இந்த லட்சணம், அவள் அங்கிருந்து பஸ் ஏறி வந்து யாரிடம் அட்வான்ஸ் கொடுத்து எந்தத் திங்கள்கிழமைக்குக் காத்திருப்பாள்? அவள் அந்த மூன்றாவது டாக்டரின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டாள், அவளுக்கு எது ஒத்துவருமோ அவரே சொல்லட்டும்.

மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து. மொத்தத்துக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் டாக்டருக்காக. என் பெயரில் ஆர்டர் போட்ட டியூப் இன்னும் வரவில்லை, வந்த பிறகு கேட்டால் நான்கு என்பேனோ என்னவோ.